கோலாலம்பூரில் ஒரு ஹக்கா கோயில் தெருவுக்குக் கோணலாக நிற்பது ஏன்?

வெள்ளவத்தை சேந்தன்:

கோயில் கட்டடங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். அண்மையில் கோலாலம்பூரில் மாமி வீட்டில் போய் நின்றபோது, மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அதே தெருவால் (ஜாலான் துன் எச்.எஸ். லீ) வடக்கே நடந்தேன். கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சீனக் கோயில் மறைந்து கிடக்கிறது, பெயர் சின் சே சீ யா. ஊரிலேயே பழைய சீனக் கோயில் இதுதான், 1864 இல் தொடங்கியது, ஹக்கா என்ற சீனச் சனப்பிரிவினர் கட்டியது என்று வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அதற்கு மேல் விசாரிக்க என்னிடம் மலாய் இல்லை.

ஹக்கா கோயில் என்றால் அது ஒரு கட்டடப் பாணியா, அல்லது அதைக் கட்டிய சனத்தைக் குறிக்கிற பேச்சு மட்டுமா? பக்கத்துக் கடைகள் எல்லாம் தெருவுக்கு நேராக நிற்க, இது மட்டும் உடம்பைத் திருப்பிக்கொண்டு கோணலாக நிற்கிறதே, ஏன்? அப்புறம் உள்ளே சாமிகளோடு ஒரு மனிதரின் படத்தையும் வைத்து ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள், அது யார்?

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசரில் என்னை விட்டால் எது கொடிமரம், எது மகாமண்டபம், எங்கே நின்று எதைக் கும்பிடுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இங்கே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே பிடிபடவில்லை. சும்மா ஓர் இணைப்பைத் தூக்கிப் போடாமல் யாராவது விளங்கப்படுத்தினால் புண்ணியம்.


மலாயா பென்சனியர் பேரன்:

தம்பி சேந்தன், கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன், அது விளங்கினால் மற்றதுகள் பாதி விளங்கிவிடும்.

அந்தப் படத்தில் இருப்பவர் யாப் ஆ லோய். குவாங்டோங் மாகாணத்து ஹுய்சோ பகுதியில் 1837 இல் பிறந்த ஹக்கா. 1854 இல் வெறுங்கையோடு மலாயாவுக்கு வந்து, சுரங்கத்தில் வேலை, அப்புறம் சமையல், அப்புறம் பன்றி வியாபாரம் என்று அலைந்து, 1868 இல் கோலாலம்பூரின் மூன்றாவது காப்பித்தான் ஆனவர். காப்பித்தான் என்றால் அந்த ஊர்ச் சீனர்களுக்குத் தலைவன், வரி வாங்குகிறவன், நீதிவான், சண்டை வந்தால் படைத்தலைவன், எல்லாம் ஒரே ஆள். ஆங்கிலேயர் வந்து ரெசிடென்ட் என்ற தங்கள் அதிகாரியை வைப்பதற்கு முந்திய காலம் இது.

அந்த ஊர் எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 1857 இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றால் மேலே அனுப்பி அம்பாங்கில் ஈயம் தோண்ட வைத்தார். ஒரு மாதத்துக்குள் மலேரியா அடித்து மிஞ்சியவர்கள் 18 பேர். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஏனென்றால் ஈயத்துக்கு அப்படி விலை. வந்தவர்களில் பெரும்பங்கு ஹக்காக்கள். சீனாவின் தெற்கில் நல்ல வயல் நிலமெல்லாம் முதலே குடியிருந்தவர்கள் கையில் இருந்தபடியால் இவர்கள் மலைப்பக்கத்தில் ஒதுங்கிப் பயிர் செய்த சனம், அங்கேயும் 1855 தொட்டு 1867 வரை உள்ளூர்க்காரருக்கும் இவர்களுக்கும் பெரிய வெட்டுக்குத்து நடந்தது. ஊரை விட்டுக் கப்பல் ஏறுவதற்குக் காரணம் தேடத் தேவையே இருக்கவில்லை.

இப்போது சாமிகளுக்கு வருவோம். நடுவில் இருக்கிற இரண்டு பேர் சின் சே யா, சீ சே யா. அவர்கள் புராணத்துத் தேவர்கள் இல்லை, யாப் ஆ லோய்க்கு நேரில் தெரிந்த ஆட்கள்! முதலாமவர் செங் மிங் லீ, சுங்கை ஊஜோங் என்று அப்போது சொன்ன இன்றைய சிரம்பான் பகுதியின் காப்பித்தான், 1860 இல் அங்கே நடந்த சண்டையில் கொல்லப்பட்டவர். வெட்டியபோது இரத்தம் வெள்ளையாக வந்தது என்று கதை. இரண்டாமவர் யாப் ஆ சே. சுங்கை ஊஜோங்கில் தனக்கு வந்த காப்பித்தான் பதவியை யாப் ஆ லோய்க்கு விட்டுக்கொடுத்தவர், பிறகு கஞ்சிங் என்ற சுரங்க ஊரில் எதிரிகளால் கொல்லப்பட்டார். கோலாலம்பூர் இருந்த சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் 1867 இல் தொடங்கி வருடக்கணக்காக இழுத்தது. 1872 இல் கோலாலம்பூரே எதிரிகள் கைக்குப் போனது, 1873 இல் யாப் ஆ லோய் திரும்பப் பிடித்தார். செங் மிங் லீ கனவில் வந்து யோசனை சொன்னபடியால்தான் வென்றேன் என்று அவர் நம்பினார் என்பார்கள். கடைசியில் 1885 இல் அவரும் செத்த பிறகு அவரையும் அதே கோயிலில் வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். இறந்த தலைவனைச் சாமியாக்குவது எங்களுக்குப் புதினமா என்ன? நடுகல்லில் தொடங்கி அண்ணமார் வரை எத்தனை இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் போரில் யாப் ஆ லோய்க்கு எதிராக நின்ற சீனர்களும் ஹக்காக்கள்தான். இவர் ஆட்கள் ஹுய்சோ ஹக்காக்கள், எதிர்ப்பக்கம் ஜியாயிங் ஹக்காக்கள். ஆகவே 'ஹக்கா கோயில்' என்று ஒரே சொல்லில் முடித்தால் பாதிக் கதை போய்விடும். இது அந்தப் போரில் வென்ற பகுதியின் கோயில்.

கொசுறு ஒன்று. 1881 இல் ஒரு தீ, ஒரு வெள்ளம், இரண்டும் அடுத்தடுத்து வந்து அத்தாப்பு ஓலையும் பலகையுமாக இருந்த ஊர் அழிந்தபோது இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று உத்தரவு வந்தது. அதற்காகச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ், அந்தச் சூளைத் தொழிலில் யாப் ஆ லோய்க்குப் பெரிய பங்கு. என் அம்மப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினவர், அவர் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க எங்கள் ஆட்கள். கந்தசுவாமி கோயிலும் அங்கேதான் கட்டினார்கள்.


வரைபலகை:

நான் மொரட்டுவையில் கட்டடக்கலை படித்தவன், சீனக் கட்டடங்களில் ஒரு பைத்தியம் உண்டு. பேரன் அண்ணா வரலாற்றைச் சொல்லிவிட்டபடியால் நான் கட்டடத்தோடு நிற்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி, சேந்தன். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை வைத்தே அந்தக் கோயிலைப் படிக்கலாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிந்து மழைத்தண்ணி முற்றத்தில் விழும், எதிரே முக்கியமான அறை. தென்சீனக் கோயிலின் எலும்புக்கூடும் இதுதான். வாசல் மண்டபம், முற்றம், எதிரே பெரிய மண்டபம், இரண்டு பக்கமும் சின்ன மண்டபங்கள். முதல் மூன்றும் ஒரே நேர்கோட்டில். சீனர்கள் அந்த முற்றத்தை வானக் கிணறு என்பார்கள், நாலு பக்கத்துத் தண்ணியும் உள்ளே விழுந்தால் செல்வம் வெளியே போகாது என்று நம்பிக்கை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது புகை. நாள் முழுக்கச் சுருள் சுருளாக ஊதுவத்தி எரிகிற இடத்தில் மேலே திறந்த ஒரு முற்றம் இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

வித்தியாசம் எங்கே என்றால் சுமை தாங்குகிற முறையில். கொச்சிக்கடைக் கோயிலை பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கிக் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார், அங்கே கல்லின் மேல் கல் ஏறி, எடை நேராகச் சுவராலும் தூணாலும் கீழே இறங்குகிறது, கருவறைக்குள் இருட்டு. சீனக் கோயிலில் கூரையைத் தூக்குவது மரச்சட்டம். தூண்கள், அவற்றின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் குட்டைக் கால்கள், அதன் மேல் இன்னொரு உத்தரம் என்று படிப்படியாக ஏறி முகட்டு வளை வரை போகும். சுவர் வெறும் மறைப்புத்தான், சுவர் விழுந்தாலும் வீடு விழாது என்று அங்கே பழமொழியே உண்டு. தூண் நேரே நிலத்தில் நிற்காது, அடியில் செதுக்கிய கல் ஒன்று இருக்கும். ஈரமும் கறையானும் மரத்தில் ஏறாமல் இருக்க அது. போகிறவர்கள் எல்லாரும் மேலே டிராகனைப் பார்க்கிறார்கள், நான் முதலில் அந்தத் தூணடிக் கல்லைத்தான் பார்ப்பேன், எத்தனை வடிவான வேலை அதில் இருக்கும் தெரியுமா.

தூண் தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளும் கைகளும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கோயில் தூணில் போதிகை செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. மேலே வருகிற உத்தரத்துக்கு அகலமான இருக்கை கொடுத்து, தாழ்வாரத்தை வெளியே நீட்டி, மழை தூண்களில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆணியை விடப் பொருத்துத்தான் அதில் முக்கியம், கொத்திய பள்ளத்துக்குள் கொழுவி நிற்கும்.

இனி முதல் கேள்வி. ஹக்கா கோயில் என்று தனிக் கட்டடப் பாணி கிடையாது என்பதுதான் என் முடிவு. வெளிநாடு போன ஹக்காக்கள் சுரங்கம் தோண்டினார்கள், தச்சு வேலைக்கும் ஓட்டு வேலைக்கும் யார் கிடைத்தார்களோ அவர்களைப் பிடித்தார்கள். குவாங்டோங் வேலையாட்கள் வந்தால் முகட்டில் ஷிவான் சூளையில் சுட்டு வர்ணம் ஏற்றிய மண்பொம்மைகள் நாடகக் காட்சி போல வரிசையாக நிற்கும், பக்கச் சுவரின் உச்சி தாச்சியின் காது போல வளைந்து எழும்பும். ஃபூஜியான் மாகாணத்து ஹொக்கியன் வேலையாட்கள் வந்தால் முகட்டின் இரண்டு முனையும் தகைவிலான் குருவியின் வால் போலப் பிளந்து வானத்தைப் பார்க்கும், பீங்கான் கோப்பைகளை உடைத்து அந்தத் துண்டுகளைச் சுண்ணாம்பில் ஒட்டிப் பூவும் டிராகனும் செய்திருப்பார்கள். இரண்டையும் ஹக்கா கோயில்களில் காணலாம். கூரையைப் பார்த்து யார் கட்டினார்கள் என்று சொல்லலாம், யாருடைய கோயில் என்று சொல்ல முடியாது.


செட்டியார் தெரு மகேஸ்:

வரைபலகை, அவசரப்பட்டு முடிவு சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஹக்காக்களுக்கென்று கட்டடக்கலை இல்லையா? ஃபூஜியான் மலைகளில் வட்டமாகவும் சதுரமாகவும் மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பி, ஒரு குலம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற அந்தப் பெரிய வீடுகள் யாருடையவை? யுனெஸ்கோ 2008 இல் 46 கட்டடங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததே.


வரைபலகை:

மகேஸ் அக்கா, அந்த வீடுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலேயும் எல்லாம் ஹக்காக்களுடையவை இல்லை, ஹொக்கியன் பேசுகிறவர்களும் அதே மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அது வீடு, கோட்டை. கொள்ளைக்காரருக்குப் பயந்து கீழ்த்தட்டில் யன்னல் கூட வைக்காமல் கட்டியது. கோலாலம்பூர் நடு ஊரில் கடைகளுக்கு இடையில் அதைக் கொண்டுவந்து வைக்க வழியும் இல்லை, தேவையும் இல்லை. ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அந்த வீடுகளில் பலவற்றின் நட்டநடுவில் இருப்பது முன்னோருக்கான மண்டபம். கூடி இருக்கிற இடம், செத்தவர்களைக் கும்பிடுகிற இடம், வழக்குத் தீர்க்கிற இடம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்து கப்பல் ஏறி வந்திருக்கலாம். கல்லும் மரமும் வரவில்லை.


செட்டியார் தெரு மகேஸ்:

சரி, அப்படிச் சொன்னால் நான் உங்களோடு நிற்கிறேன். ஏனென்றால் என் கட்சியும் அதுதான், பாணியைத் தேடாமல் யாருடைய கையில் சாவி இருந்தது என்று தேட வேண்டும்.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெரு தெரியும்தானே? ஒரு காலத்தில் அது கடற்கரை. கப்பலால் இறங்குகிறவன் முதலில் கால் வைக்கிற இடம். 1880களில் கடலைத் தூர்த்தபடியால் இப்போது கடல் எங்கேயோ போய்விட்டது. அங்கே 1824 இல் ஹக்காக்களும் குவாங்டோங் பக்கத்துக் கந்தோனியரும் சேர்ந்து ஃபுக் தாக் சீ என்று, துவா பெக் கோங் என்ற காவல் தெய்வத்துக்கு ஒரு கோயில் கட்டினார்கள். கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல. அதே தெருவில் ஜியாயிங் ஹக்காக்களின் சங்கம் இங் ஃபோ ஃபுய் குன் 1822 இலேயே தொடங்கியாயிற்று, ஆங்கிலேயர் ராபிள்ஸ் வந்து மூன்றே வருடத்தில். கோயிலும் சங்கமும் பக்கத்துப் பக்கத்தில். புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம், வேலை, செத்தால் புதைக்கக் காசு, ஊருக்குக் கடிதம் எழுதக் கை, எல்லாம் அங்கே. சண்டை வந்தால் தீர்ப்பும் அங்கே.

தமிழர் படிக்க வேண்டிய இடம் என்று நான் அந்தத் தெருவைச் சொல்லுவேன். அதே தெருவில் 1828 தொடங்கி 1830 வரை கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது, தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. கொஞ்சம் தள்ளி அவர்களுடைய பள்ளிவாசல் ஒன்று, 1827 இல் குடிசையாகத் தொடங்கியது, குச்சுப் பள்ளி என்றே பெயர். பிறகு 1839 இல் தொடங்கி 1842 இல் முடித்த ஹொக்கியன்காரரின் தியான் ஹொக் கெங். எல்லாரும் ஒரே காரியத்துக்காக ஒரே கரையில் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் செட்டியார் தெருவையே பாருங்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போன இடமெல்லாம், கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், எல்லா இடமும் முருகனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட் கோயில் 1859. வட்டி வீதம் பேசியதும், கணக்குத் தீர்த்ததும், பஞ்சாயத்து வைத்ததும் அந்தக் கோயில்களில்தான். ஆகமப்படி பார்த்தால் அது எந்தச் சைவக் கோயிலையும் போலத்தான், கோபுரத்தைப் பார்த்து 'செட்டியார் பாணி' என்று பிரிக்க முடியாது. நகரத்தார் கோயில் என்று சொல்ல வைப்பது நிர்வாகம். சின் சே சீ யா கோயிலும் அப்படியே, அந்த உண்டியல் காசு பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போயிருக்கிறது.

ஃபுக் தாக் சீ 1994 இல் கோயிலாக மூடப்பட்டு 1998 இல் சின்ன அருங்காட்சியகமாகத் திறந்தது. பார்க்கலாம், காசு இல்லை. எனக்கென்றால் மனம் ஒட்டவில்லை, ஊதுவத்தி மணம் இல்லாத சீனக் கோயில் என்ன கோயில்.


வெள்ளவத்தை சேந்தன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோணல் விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே! அடுத்தது, கொழும்பில் இதுமாதிரி ஏதாவது உண்டா? சீனப் பல்வைத்தியர்கள், சீனப் பட்டு வியாபாரிகள் பற்றி அம்மா கதை கதையாகச் சொல்லுவா.


வரைபலகை:

கோணல். எல்லாரும் சொல்கிற பதில் ஃபெங் சுயி. மலை முதுகுக்குப் பின்னால், தண்ணி முகத்துக்கு முன்னால், கெட்ட காற்று நேரே வாசலுக்குள் வரக்கூடாது, இதை எல்லாம் பார்த்து ஒரு சாத்திரி திசை குறித்துக் கொடுப்பான், கட்டடம் அதன்படி நிற்கும், தெரு எப்படிப் போனாலும் கவலை இல்லை. எங்கள் மனையடி சாத்திரக்காரரும் விட்டால் அப்படித்தான் செய்வார்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆனாலும் நான் ஒன்றைச் சேர்ப்பேன். கோயில் 1864, ஊரைச் செங்கல்லால் திருப்பிக் கட்டித் தெருக்களை நேராக்கியது 1880களில். அப்படியானால் கோயில் கோணலாக நிற்கிறது என்று சொல்வதே சரியா? கோயில் தன்பாட்டில் நின்றது, தெருதான் பிறகு வந்து அதற்குக் கோணலாக ஓடியது என்றும் சொல்லலாம். கடைகள் கோயிலைச் சுற்றி நெருக்கியதால்தான் இப்போது ஒரு சந்து வழியாக நுழைந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது, இரண்டு தெருவில் இருந்தும் வாசல் இருப்பதும் அதனால்தான். சாத்திரம் பார்த்த திசையைக் கடைக்காரர் யாரும் மாற்றத் துணியவில்லை என்பது வேறு விஷயம்.


நூதனசாலைப் பித்தன்:

கொழும்புக் கேள்விக்கு நான் வருகிறேன். கோயிலுக்குப் பதிலாக ஒரு கல் இருக்கிறது, அதுவும் பஸ் ஏறிப் போகிற தூரத்தில். கொழும்பு 7 இல் தேசிய நூதனசாலைக்குப் போய் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனத் தளபதி செங் ஹ 1409 ஆம் ஆண்டுத் தேதியோடு கொண்டுவந்து நிறுத்தியது. 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். பலர் அதைத் தாண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்க்க ஓடுவார்கள்.

அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. மூன்றும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் இருந்த தெனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. சீனப் பேரரசர் ஆளுக்கு ஆள் வேறு சாமியைச் சொல்லி ஒரே கணக்கை எழுதியிருக்கிறார், கெட்டிக்காரன். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வியாபாரம் பேச வேண்டுமானால் தமிழ் தேவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் இதை ஹக்காக்களோடு முடிச்சுப் போட வேண்டாம். செங் ஹ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தவர், காலமும் நானூறு வருடத்துக்கு மேல் முந்தியது.


கொட்டாஞ்சேனை ராஜி:

ஹக்காக்களைத் தேடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, கல்கத்தா போதும். தங்ராவில் தோல் பதனிடும் தொழில் முழுக்க ஹக்காக்கள் கையில்தான் இருந்தது. அங்கே அவர்கள் கும்பிடுகிற ஒரு காளி கோயில் இருக்கிறது, நூடில்ஸ் படைத்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். கட்டடம் சின்னது, பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. சாமி மட்டும் அந்த ஊர்ச் சாமி. மகேஸ் அக்கா சொன்ன 'சாவி யார் கையில்' கணக்குக்கு இது நல்ல உதாரணம், பாணியைத் தேடிப்போனால் காளி கோயில் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம்.


மலாயா பென்சனியர் பேரன்:

சீன முன்னோடிகளே சாமியானதற்கு இன்னொரு உதாரணம் பினாங்கில் தஞ்சோங் தொக்கோங். சாங் லீயும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும், மூவரும் ஹக்காக்கள். ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் 1786 இல் வந்து கொடி ஏற்றுவதற்கு முன்பே அந்தக் கரையில் குடியிருந்தவர்கள் என்பது மரபு. அவர்களைத்தான் அங்கே துவா பெக் கோங் என்று கும்பிடுகிறார்கள். கடலைப் பார்த்த கோயில், சாயங்காலம் போனால் வடிவாக இருக்கும்.

சேந்தன், அடுத்த முறை மாமி வீட்டுக்குப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். மகாமாரியம்மனில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஏறக்குறைய எதிரிலேயே செந்நிறமாக ஒரு குவான் டி கோயில் இருக்கிறது. அது 1880களின் கடைசியில் குவாங்சோ, சாவ்சிங் பக்கத்துக் கந்தோனியர் சங்கம் கட்டியது. முதலில் அதற்குள் போங்கள். குவான் டி எல்லாச் சீனரும் கும்பிடுகிற பழைய போர்வீரத் தெய்வம், கோயில் தெருவுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு நடந்து சின் சே சீ யாவுக்குப் போங்கள். கூரை வேலையில் பெரிய வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, வரைபலகை சொன்னது சரியா என்று நீங்களே பார்க்கலாம். உள்ளே யாரைக் கும்பிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அங்கே போர்வீரத் தெய்வம், இங்கே போரில் செத்த சொந்த ஆட்கள்.

நுழையும்போது உயர்ந்த நிலைப்படியை மிதிக்க வேண்டாம், தாண்டிக் கால் வையுங்கள். முதலில் முற்றத்தில் வானத்துக்கு ஊதுவத்தி, பிறகு நடு மண்டபத்தில் இரண்டு சே யாக்களுக்கும், பிறகு பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. யாப் ஆ லோய் பக்கத்தில்தான் இருப்பார். மூங்கில் குவளையைக் குலுக்கிக் குச்சி விழுத்தி, அதில் உள்ள எண்ணுக்குச் சீட்டு எடுத்துப் பலன் பார்ப்பார்கள், எங்கள் திருவுளச் சீட்டு மாதிரி, கேட்டால் உங்களையும் விடுவார்கள். சனம் நடு மேசைக்குக் கீழால் குனிந்து புகுந்து வருவதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், நன்மைக்குச் செய்கிற நேர்த்தி அது. படம் எடுப்பதானால் கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே பிடிக்காமல் எடுங்கள், காலையில் எட்டு, ஒன்பது மணிக்குள் போனால் முற்றத்தால் வருகிற வெளிச்சம் புகையில் விழும், கூட்டமும் குறைவு.